பெரிலின் பெயர் எழுதிய சட்டி

எங்கள் ஊரில் பழைய எகிப்தின் செக்மெத் தேவிக்கு ஒரு கோயில் இருக்கிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மூடிப்போன பஞ்சாலைக்குப் பின்தெருவில், தெல்மா வீட்டுக் கொல்லையில் அவள் புருஷன் கார் நிறுத்திவைத்திருந்த ஷெட்தான் அந்தக் கோயில். புருஷன் போனதும் காரை விற்றுவிட்டு, சுவருக்கு மஞ்சள் பூசி, சிங்கமுகத்தோடு இடுப்புயரச் சிலை ஒன்றை வாங்கி உட்காரவைத்தாள். தரையிலிருந்த எஞ்சின் எண்ணெய்க் கறை மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. "எகிப்துக்காரங்களும் எண்ணெயைத்தானே ஊத்துனாங்க, விடு" என்று கிளிஃப் சொல்வான்.

நாங்கள் மொத்தமே நாலு பேர். தெல்மா, அவள் தங்கை பெரில், குழாய் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிளிஃப், அப்புறம் நான். என் பெயர் மோய்ரா. இந்தப் பள்ளத்தாக்கின் குறுகலான ரோடுகளில் காலமெல்லாம் பஸ் ஓட்டினவள். எதிரே வருகிறவனைத் திட்டித் திட்டியே வாய் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் சர்ச்சில் எனக்குக் கோபப்படாதே, கோபப்படாதே என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். கோபத்தையே முகமாக வைத்துக்கொண்டிருக்கிற ஒரு சாமி உண்டு, நோயைக் கொடுப்பவளும் அவள்தான், எடுப்பவளும் அவள்தான் என்று தெல்மா ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டேன்.

ஞாயிறு காலையில் ஷெட் கதவைத் திறந்து, பாட்டுப் பாடித் தேவியை எழுப்புவோம். முகம் துடைத்து, சிவப்புத் துணி மாற்றி, ரொட்டியும் பீரும் பெரில் சுட்டுக் கொண்டுவரும் இஞ்சிக் கேக்கும் முன்னால் வைப்போம். அவள் சாப்பிட்டானதும் அது எங்களுக்கு. கிளிஃப் கண்ணை மூடிக் கும்பிடுகிறான் என்று பேர்தான், ஒரு கண் கேக்கின் மேலேயே இருக்கும். "தேவி இன்னும் வாய் வைக்கலை, கையை எடு" என்று பெரில் அவன் மணிக்கட்டில் தட்டுவாள். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது ஒருவர் கடைசியில் பின்னாலேயே நடந்து, எங்கள் காலடித் தடங்களைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டு வருவார். மனுஷக் காலடி அவள் அறையில் கிடக்கக் கூடாது.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் ஒப்பாரி. ஒசைரிஸ் என்கிற எகிப்துச் சாமி செத்துக் கிடக்க, அவனுடைய சகோதரிகள் ஐசிஸும் நெப்திஸும் பருந்தாக மாறி வந்து அழுத கதையை அன்றைக்குப் பாடுவோம். ஐசிஸ் கால்மாட்டில், நெப்திஸ் தலைமாட்டில். தெல்மாதான் எப்போதும் ஐசிஸ், பெரில்தான் நெப்திஸ். கூடப்பிறந்தவர்களே அக்கா தங்கையாக நின்று பாடும்போது அதில் நடிப்பே இருக்காது. தெல்மாவுக்குக் குரல் நடுவில் உடையும். உடைந்த இடத்தில் பெரில் பிடித்துக்கொள்வாள். எனக்கு அழுகை லேசில் வராது. அந்த ஒரு நாள் மட்டும் வந்துவிடும்.

அப்புறம் சட்டி உடைக்கிற சடங்கு. எல்லாம் கெட்டது இதனால்தான், அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். எகிப்துக் கணக்குப்படி எங்கள் வருஷம் ஜூலைக் கடைசியில் முடியும். முடிகிற சமயத்தில் எந்த மாசத்திலும் சேராமல் ஐந்து நாள் மிஞ்சும். கெட்ட நாட்கள் அவை. அப்போது ஆளுக்கொரு சிவப்பு மண்சட்டியை எடுத்து, நம்மை விட்டு எது தொலைய வேண்டுமோ அதை அதன்மேல் எழுதி, காறித் துப்பி, இடது காலால் எற்றி, கல்லைப் போட்டு உடைத்து, தோட்டத்தில் புதைத்துவிட வேண்டும். சட்டி என்று பெரிதாகச் சொல்கிறேன், செடி விற்கிற கடையில் வாங்குகிற பூந்தொட்டிதான்.

எழுதியதை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அதற்கு உயிர் வந்துவிடும். புதைத்ததைத் தோண்டவே கூடாது. தோண்டினால் தொலைந்தது திரும்பி வந்துவிடும். உயிரோடிருக்கும் ஒருவர் பெயரை மட்டும் தனியாக எழுதுவது பெரிய பாவம், அது அந்த ஆளையே இந்த உலகத்திலிருந்தும் அந்த உலகத்திலிருந்தும் துடைத்தெறிகிற வேலை. "என் மாமியாரை எழுதலாமா?" என்று கிளிஃப் ஒரு வருஷம் கேட்டு, மூன்று பேரிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்த வருஷம் வசந்தத்தில் பெரிலுக்கு இடது மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார்கள், தேதியும் கொடுத்தார்கள். பெரில் போகவில்லை. அவர்களுடைய அம்மா அதே ஆஸ்பத்திரியில் அதே நோய்க்கு அறுத்துக்கொண்டு, திரும்பி வராமல் போனவள். பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தவள் பெரில். அதனால் தேனும் பீரும் கலந்து தேவிக்கு வைத்துக் குடித்தாள், முடிச்சுப் போட்ட சிவப்புக் கயிற்றை மார்பில் கட்டிக்கொண்டாள். கட்டி அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிலைக்கு முன்னாலேயே அக்காவும் தங்கையும் மோதிக்கொண்டார்கள்.

"ரெண்டாவது தடவை தேதி குடுத்திருக்காங்க. ஒழுங்கா போய்ச் சேருடி" என்றாள் தெல்மா.

"என் டாக்டர் இங்க இருக்கா, அக்கா." பெரில் சிலையைக் காட்டினாள்.

"இவளுக்குப் பூசாரியா இருந்தவங்க யாருன்னு உனக்குத் தெரியாதா? எல்லாம் வைத்தியருங்க. அவங்க கையில இருந்த கத்தியும் இவளோடதுதான்."

"அப்ப அம்மாவை அறுத்ததும் இவளோட கத்திதானா?"

பதில் தெரியாதபோது தெல்மா சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பழக்கம் அவள் பரம்பரைக்கே கிடையாது.

"அப்ப செத்துத் தொலை. எனக்குத் தங்கச்சியே கிடையாதுன்னு நெனச்சுக்கறேன்" என்றாள்.

கிளிஃப் கேக்கைக்கூடத் தொடவில்லை. அன்றைக்குக் காலடி பெருக்குகிற முறை என்னுடையது. பெருக்கிக்கொண்டே பின்னால் வந்து, இந்த வார்த்தையையும் சேர்த்துப் பெருக்க முடிந்தால் தேவலை என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் சட்டி உடைக்கிற நாள். பெரில் வந்தாள், ஆனால் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. பேனா ஒன்றுதான் இருந்தது. தெல்மா எழுதி முடிக்கட்டும் என்று நான் பக்கத்தில் காத்திருந்தேன். பிறத்தியார் சட்டியைப் பார்க்கக் கூடாதுதான். என் கண் சொன்ன பேச்சைக் கேட்டால்தானே? 'பெரில்' என்று பெரிதாக எழுதினாள். அப்புறம் சட்டியைத் திருப்பித் திருப்பி, 'மார்பில் இருக்கும் கட்டி' என்று சுற்றிக்கொண்டு போய் எழுதினாள். எழுதும்போதே கண்ணீர் சொட்டி மை கலங்கியது. உடைக்கும்போது ஒரு அடியோடு நிறுத்தவில்லை. கல்லைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். கிளிஃப்தான் பிடித்து நிறுத்தினான்.

ஆகஸ்டில் ஒரு காலை, பக்கத்து வீட்டு நாய் வேலியில் நுழைந்து, சட்டிகளைப் புதைத்திருந்த ரோஜாப் பாத்தியைக் கிளறிவிட்டது. முதலில் வந்தவள் பெரில். பாதையில் கிடந்த ஓட்டுத் துண்டை எடுத்துக் குழாயில் கழுவிப் பார்த்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பெயர் முழுசாக இருந்தது, ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. வேறு ஒரு வார்த்தையும் அதில் இல்லை.

தெல்மா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"இது உன் கையெழுத்துதானே?" என்று கேட்டாள் பெரில்.

தெல்மா என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், தங்கையின் கையையாவது பிடித்திருக்கலாம். அவள் பாய்ந்து வந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, வெறுங்கையால் மண்ணைத் தோண்டிப் புதைத்தாள். புதைத்த மண்ணின்மேல் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். உண்மை தெரிந்த எனக்கே அவள் மூஞ்சி களவாணி மூஞ்சியாகத்தான் தெரிந்தது.

"உன் பேரு மட்டும் இல்லை அதுல. இன்னும் இருந்துச்சு" என்றாள் தெல்மா.

"இன்னும் என்ன இருந்துச்சு? சொல்லு."

தெல்மா வாயைத் திறந்தாள், மூடினாள். சொன்னால் அதற்கு உயிர் வந்துவிடும். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"உன் கட்டியைத்தான்டி எழுதுனா. நான் என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"நீ பேசாத மோய்ரா. நீ அவ ஏத்துன எடத்துல ஏறுவ, எறக்குன எடத்துல எறங்குவ" என்றாள் பெரில். பஸ் ஓட்டினவளைப் பார்த்து இப்படி ஒரு பேச்சு. அப்புறம் அக்கா பக்கம் திரும்பினாள். "மத்த துண்டையும் எடு. ஒட்டிக் காட்டு. பாத்துட்டு உன் கால்ல விழுறேன்."

"தோண்ட மாட்டேன்."

"ஏன்?"

"தோண்டுனா திரும்ப வந்துடும்."

"வந்தா எனக்குத்தானே வரும்? வரட்டும். தோண்டு."

"நீ என்னைக் காறித் துப்பினாலும் தோண்ட மாட்டேன்."

பெரில் தன்னிடமிருந்த ஷெட் சாவியைப் படியில் வைத்தாள். "நான் சாகணும்னு எழுதி வெச்சுட்ட இல்ல? பாத்துக்கிட்டே இரு. உன் கண்ணு முன்னாடியே நல்லா இருந்து காட்டுறேன், தெல்மா" என்றாள். பிறந்ததிலிருந்து அக்கா என்று கூப்பிட்டவள், அன்றைக்குத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுநாள் காலையில் அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, எவ்வளவு சீக்கிரம் அறுப்பீர்கள் என்று கேட்டாளாம்.

தெல்மா அந்த இடத்தின்மேல், பறவைகள் குளிக்கிற பெரிய கல்தொட்டியை நகர்த்தி வைக்கச் சொன்னாள். "என் முதுகெலும்பையும் சேர்த்துப் புதைச்சிடுங்க" என்று முனகிக்கொண்டே கிளிஃப் என்னோடு சேர்ந்து உருட்டினான். இனி நாயும் தோண்ட முடியாது, நானும் தோண்ட முடியாது.

அறுவை முடிந்ததும் நான் பெரிலைப் பார்க்கப் போனேன். அங்கிருந்து நேரே தெல்மா வீடு. நான் கோட்டைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"கோவமா இருக்காளா?"

"கொதிக்கிறா. உன் பேரை எடுத்தாலே நர்ஸுங்க பயப்படுறாங்க."

"நல்லது."

எனக்கு வந்ததே ஆத்திரம். "என்னடி நல்லது? மண்வெட்டியைக் குடு. நான் தோண்டி ஒட்டி அவ மூஞ்சி முன்னாடி நீட்டுறேன். உன் தலையெழுத்தா இது?"

தெல்மா கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. "அம்மா போன ஆஸ்பத்திரிக்குள்ள அவளை எது கூட்டிட்டுப் போச்சு? என் புத்திமதியா? கெஞ்சிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன், அசையலை. என் மேல இருக்கற கோவம்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு. இன்னும் மருந்து ஏத்தணும், கரண்டு வைக்கணும், முடி கொட்டணும். நான் நல்லவள்னு இப்பத் தெரிஞ்சா அழுதுகிட்டு வீட்டுல படுத்துக்குவா. அவளை எனக்குத் தெரியும்."

"அதுக்காக நீ கெட்டவளாவே இருக்கப் போறியா?"

"கோவத்துல இருந்துதானே தேவி குணப்படுத்துறா. நாமதானே பாடுறோம் அதை." கோப்பையை என் முன் வைத்தாள். "இனிமே வராதுன்னு டாக்டர் சொல்ற அன்னைக்கு, நானே தோண்டி, நானே ஒட்டி, தட்டுல வெச்சு எடுத்துட்டுப் போய்க் குடுக்கறேன். அதுவரைக்கும் நீ தோண்டவும் கூடாது, இதை அவகிட்ட மூச்சு விடவும் கூடாது. சத்தியம் பண்ணு."

ஷெட்டுக்குக் கூட்டிப்போய், சிங்கமுகத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டாள். முழு மனசோடு நான் பண்ணவில்லை. ஆனாலும் பண்ணினேன்.

பெரில் பிழைத்தாள். முடி கொட்டி, வெள்ளையாகச் சுருண்டு முளைத்தது. நடக்க முடிந்ததும், கடைக்குப் போக நேர்வழி இருக்க, தினமும் சுற்றிக்கொண்டு தெல்மா வீட்டுத் தெருவழியாகவே போக ஆரம்பித்தாள். எதிர்ப்பக்க நடைபாதையில், உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, நிமிர்ந்து, வேண்டுமென்றே மெதுவாக நடப்பாள். மழை பெய்தாலும் போவாள். தெல்மா ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பாள்.

"கன்னத்துல சதை போட்டிருக்கா பாரு. புதுக் கோட்டு வாங்கியிருக்கா, நீலம். அவளுக்கு நீலம் நல்லா இருக்கும்" என்பாள் என்னிடம். பெரில் தெருமுனை திரும்புகிற வரை திரையை விடமாட்டாள். அதற்கப்புறம்தான் அன்றைய காலைச் சாப்பாடு.

ஒருத்தி வயிறெரியட்டும் என்று நடந்தாள், ஒருத்தி வயிறு குளிரப் பார்த்தாள். நடுவில் ஒரு தெரு அகலம்கூட இல்லை. இரண்டு பேர் மண்டையையும் பிடித்து முட்டவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வரும். சத்தியம் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

பெரிலின் பிறந்தநாளுக்குத் தெல்மா ஒரு கேக்கைச் சுட்டுக் கிளிஃப் கையில் கொடுத்தனுப்பினாள். ஒரு மணி நேரம் கழித்து வெறும் தட்டோடு வந்தான். "வாங்கிக்கிட்டாளா?" என்று தெல்மா எழுந்தே விட்டாள். "மூஞ்சியில கதவைச் சாத்துனா. தூக்கிட்டு நடக்கக் கனமா இருந்துச்சு, நானே தின்னுட்டேன்" என்றான். தெல்மா சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஒப்பாரி நாளில் ஐசிஸின் இடத்தில் அவள் மட்டும் நின்று பாடினாள். குரல் உடைகிற இடத்தில் உடைந்தது, பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. நான் தலைமாட்டுப் பக்கம் நகரப் போனேன். "அங்க நிக்காத. அது ஆள் இருக்கற எடம்" என்றாள்.

இப்படியே வருஷங்கள் போயின. வரப்போகிற கோடையில் கடைசிப் பரிசோதனை, அதிலும் சுத்தம் என்று வந்துவிட்டால் இனிப் பயமில்லை என்று டாக்டர் பெரிலிடம் சொல்லியிருந்தார். இந்தச் சேதியை நான் கொண்டுவந்தபோது, தெல்மா கடைக்குப் போய் ஓடு ஒட்டுகிற பசை ஒரு குப்பி வாங்கி வந்து அலமாரியில் வைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிடும்.

மார்ச்சில் ஒரு காலை, கல்தொட்டிப் பக்கம் பறவைகளுக்கு ரொட்டித் தூள் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். இதயம். தண்ணீர்க் குழாயைப் பார்க்க வந்த கிளிஃப்தான் முதலில் கண்டான். ரொட்டித் தூள் கையிலேயே இருந்ததாம். இன்னும் ஒரு மூன்று மாசம் அந்தப் பாழாய்ப்போன இதயம் பொறுத்திருக்கக் கூடாதா?

நான் பெரில் வீட்டுக் கதவைத் தட்டினேன். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பி நின்றாள்.

"கேள்விப்பட்டேன்" என்றாள். "என் பேரை எழுதிப் பொதைச்சவ முந்திக்கிட்டா."

பேச்சு இப்படி. கோப்பையில் டீ ஊற்றினவள் தட்டிலும் மேஜையிலும் சேர்த்து ஊற்றினாள்.

"தலைமாட்டுல நிக்க ஆள் வேணும். அவ என்னை அங்க நிக்க விட்டதே இல்லை. அது ஆள் இருக்கற எடமாம்" என்றேன்.

"எனக்கு வேலை இருக்கு."

சத்தியம் வாங்கினவளே போய்விட்டாள், இனி யாருக்காக வாயைக் கட்டுவது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கெட்டில் முன்னால் நின்று அவள் சொன்னதையும், கோபம்தான் பெரிலைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனது என்றதையும், அலமாரியில் இருக்கும் பசைக் குப்பியையும், ஜன்னல் திரையையும் சொன்னேன். பெரில் உட்கார்ந்தே இருந்தாள்.

"திரைக்குப் பின்னாடி நின்னாளா?"

"தினமும். கன்னத்துல சதை போட்டிருக்கான்னு சொல்லுவா. இந்தக் கோட்டு உனக்கு நல்லா இருக்குன்னு சொன்னா."

"அவ வயிறு எரியட்டும்னு நடந்தேன், மோய்ரா."

"அதுவும் அவளுக்குத் தெரியும்."

அப்புறம் அந்தக் குடும்பத்துப் பிடிவாதம் தலையைத் தூக்கியது. "நீ நல்லாத்தான் பேசுற. எனக்கு அந்தச் சட்டியைப் பாக்கணும். தோண்டிக் காட்டு" என்றாள்.

அன்றைக்கே போனோம். கிளிஃப்பும் நானும் கல்தொட்டியைச் சாய்த்து உருட்டினோம். இந்தத் தடவை அவன் முதுகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடியில் மண் வெளுத்து, இறுகிக் கிடந்தது. பெரில் பாத்தி ஓரத்தில் நின்றாள். நான் மண்வெட்டியை வைத்துக் காலால் ஒரு மிதி மிதித்தேன். மண் விலகும்போது ஓட்டில் உரசுகிற சத்தம் கேட்டது.

"நிறுத்து" என்றாள் பெரில்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கை இடது மார்பைப் பொத்திக்கொண்டிருந்தது. கோட்டுத் துணியைக் கசக்கிப் பிடித்திருந்தாள். கை அங்கே போனது அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும், குனிந்து அதையே பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"பயமா இருக்குது."

"எதுக்குப் பயம்?"

"தோண்டுனா அது திரும்ப வந்துடும்." சொல்லிவிட்டு அவளே என்னைத் திருதிருவென்று பார்த்தாள். "வெறும் என் பேரு மட்டும்தான் அங்க கெடக்குதுன்னு நான் நம்பியிருந்தா, தோண்டு தோண்டுன்னு கத்தணும்ல? என் பேரை நான் வெளிய எடுக்கணும்ல? நான் எதுக்குப் பயப்படுறேன்?"

கிளிஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்குது. ஆரம்பத்துல இருந்தே தெரிஞ்சிருக்குது" என்றாள் பெரில். "எழுதுனதை அவ சொல்ல மாட்டேன்னு நின்னாளே, அப்பவே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அந்தத் தெருவுல நடந்திருக்கேன்."

ஆறுதலுக்கு ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

"மண்ணைப் போடு மோய்ரா. அவ பொதைச்சது அங்கேயே இருக்கட்டும்."

மண்ணைத் தள்ளி மூடினேன். பெரில் தன் காலாலேயே மிதித்து இறுக்கினாள். கல்தொட்டியைத் திரும்ப உருட்டும்போது அவளும் ஒரு பக்கம் பிடித்தாள். அறுவை செய்த பக்கத்துக் கையால் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னாலும் அவள் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துச் சின்ன மண்டபத்தில் பெட்டியை வைத்தார்கள். தெல்மாவின் இடத்தில், கால்மாட்டில், ஐசிஸாக நான் நின்றேன். தலைமாட்டில் நெப்திஸாகப் பெரில் நின்றாள், நீலக் கோட்டோடு. போனவரைப் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும், பெயர் காதில் விழுந்தால்தான் அந்தப் பக்கம் எழுந்து நடப்பார்கள். எனக்குப் பாட வராது. என் குரல் பாதியில் பிசிறிக்கொண்டு நின்றது. நின்ற இடத்தில் பெரில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவள் கையில் பாட்டு எழுதின தாள் இருந்தது. அதைப் பார்க்கவே இல்லை. தெல்மா என்ற பெயரையும் சொல்லவில்லை. பெட்டியின் மூடிமேல் முகத்தை வைத்துக்கொண்டு, "அக்கா" என்றாள். அப்புறம் மறுபடியும் "அக்கா", "அக்கா" என்றாள். வருஷக்கணக்காக அந்த ஒரு வார்த்தைக்காகத் திரைக்குப் பின்னால் நின்றவள் உள்ளே படுத்திருந்தாள். மீதிப் பாட்டைக் கிளிஃப்தான் தாளைப் பார்த்து வாசித்து முடித்தான்.